ஓடுபாதையில் உட்கார்ந்த மேகம்

சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிச் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மும்பைக்குப் போகும் விமானம் கதவைத் திறந்து ஏணியை இறக்கி எங்களுக்காகக் காத்து நின்ற நேரத்தில், மேற்கே மலைப்பக்கமிருந்து ஒரு கரிய மேகம் அவசரமில்லாமல் வந்து, எங்கள் ஊர் விமானநிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓடுபாதையின் நடுவில் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. இடிக்கவில்லை, மின்னவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. உட்கார்ந்தது, அவ்வளவுதான். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என் மனைவி பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மகன் மருதனிடம், “ராத்திரிக்குக் கட்டுன புளிச்சோத்த இங்கனயேதான் பிரிக்கணும் போல” என்றாள்.

நாங்கள் மூவரும் மும்பைக்குப் புறப்பட்டது என் பேத்தியின் காதுகுத்துக்கு. காதுகுத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயுள் முழுக்க மேடை போட்டு அதையெல்லாம் எதிர்த்துப் பேசியவன் நான். ஆனால் தாய்மாமன் மடியில் எனக்கு நம்பிக்கை உண்டு. பிள்ளையைப் பெற்றவளின் கூடப்பிறந்தவன் நாலு பேர் பார்க்கச் சம்மணமிட்டு உட்கார்ந்து அந்தப் பிள்ளையை மடியில் வாங்கினால், இவளுக்கு ஆள் இருக்கிறது, இவளைத் தொடுவதற்கு முன் யோசி என்று ஊருக்குச் சொல்வதாக அர்த்தம். என் மகள் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு மும்பையில் செம்பூருக்குப் போனபோது, அவள் மாமியார் கோமதி அம்மாள், “ஆளில்லாத வீட்டுப் பொண்ணு, கொடியும் கோஷமும் தவிர வேற என்ன கொண்டாந்தா?” என்று சபையில் கேட்டார். நான் அவளுக்கு வைத்த பெயர் புரட்சிமணி. அந்த வீட்டில் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மணி என்று கூப்பிட்டார்கள். அடுத்த நாள் காலையில் காதுகுத்து. மருதன் வந்து சேரவில்லையென்றால் தன் இளைய மகன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்திவிடப் போவதாக மாமியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால்தான் மினி பஸ் ஓட்டும் என் மகன், பேத்திக்குப் போடவிருக்கும் தோட்டைச் சட்டைப்பையில் வைத்து ஊக்குப் போட்டுக்கொண்டு, ஏறவிருக்கும் விமானத்தைவிட அந்த ஊக்கை அதிகமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சியம்மாள் தாய்மாமன் சீரைப் பெட்டியில் போட்டு அனுப்ப மறுத்துவிட்டாள். சீர் என்றால் தட்டில் வைத்துக் கையில் ஏந்தி வருவது, பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் சாமான் என்பது அவள் கட்சி. ஆகவே பித்தளைத் தாம்பாளங்களில் பழம், வெல்லம், பட்டுப்பாவாடை, வளையல் எல்லாவற்றையும் வைத்துத் துணி மூடி, சோதனை போடும் இடத்தில் ஒவ்வொன்றாக எந்திரத்துக்குள் நுழைத்து அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொண்டாள். தேங்காயை மட்டும் விடவில்லை. “தேங்காயில என்னய்யா வெடிக்கும்?” என்று அவள் கேட்டதற்குத் துப்பாக்கி வைத்திருந்த பையன் இந்தியில் ஏதோ சொன்னான். “சரி, நீயே சட்னி அரைச்சுக்கோ” என்று கொடுத்துவிட்டு வந்தாள்.

மேகம் உட்கார்ந்ததும் முதலில் தீயணைப்பு வண்டி ஊதிக்கொண்டு போனது. பிறகு பறவைகளை விரட்டும் வெடியைப் போட்டார்கள். பிறகு ராட்சச மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து ஊதினார்கள். தள்ளின பக்கமெல்லாம் மேகம் குழைந்துகொடுத்தது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. கயிறு போட்டு இழுத்தபோது உடம்பை அப்படியே தளர்த்தித் தரைக்குக் கொடுத்துவிட்டது. அதைப் பார்த்த கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. தூக்க வருகிற போலீஸ்காரனிடம் திமிறக் கூடாது, எல்லா எலும்பையும் கழற்றிவிட்டதுபோலத் தளர்ந்துவிட வேண்டும், அப்போது ஒருவன் இருவருடைய கனம் கனப்பான். எத்தனை மில் வாசலில், எத்தனை கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாங்கள் அப்படிக் கிடந்திருக்கிறோம். “மருதா, இது புயலும் இல்ல, மழையும் இல்ல. மறியல்” என்றேன். மருதன் ஊக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நமக்குன்னு வந்து சேருது பாருங்க” என்றான்.

ஒலிபெருக்கி மட்டும் விடாமல் வானிலை காரணமாகத் தாமதம், வானிலை காரணமாகத் தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வானிலைக்காரர்களோ, மேலே இருந்தால்தான் எங்கள் கணக்கு, தரையில் உட்கார்ந்துவிட்டால் அது வானிலை ஆகாது என்று கைகழுவினார்கள். வருவாய்த்துறையிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி நிலைமையைப் பார்வையிட்டு, அரசு நிலத்தில் அனுமதியின்றி அமர்ந்திருப்பதால் ஆக்கிரமிப்பு என்று முடிவுசெய்து, காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீசை எழுதி மேகத்தின் வயிற்றில் ஒட்டினார். நோட்டீசு நனைந்து கீழே விழுந்தது. இன்னொன்று எழுதி ஒட்டினார், அதுவும் விழுந்தது. ஒட்டியதற்குச் சாட்சியாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காத்திருந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் மேகத்துக்குப் பழகிவிட்டார்கள். குளிர்பதனம் நின்றுபோயிருந்ததால், ஓடுபாதைப் பக்கத்துக் கதவிடுக்கு வழியே வந்த ஈரக்காற்றுக்காகக் கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் அந்த ஓரத்தில் இடம்பிடித்தார்கள், அங்கே சேலையை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள், பிள்ளைகள் வேர்க்குரு அடங்கித் தூங்கின. சிவப்புச் சேலை உடுத்திய ஓர் அம்மாள் அது மாரியின் வாகனம் என்று கண்டுபிடித்துச் சூடம் ஏற்றப் பார்த்தாள். நெருப்புக்கு அனுமதியில்லை என்று தடுத்துவிட்டதால், செல்போன் விளக்கை எரியவிட்டுத் தட்டில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினாள், வரிசையில் நின்றவர்கள் அந்த வெளிச்சத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பட்டாசுக் கடைக்காரர் ஒருவர் தன் மூட்டுவலி போய்விட்டது என்றார். பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும் பிள்ளைகள் அது யானையா எருமையா என்று சண்டை போட்டார்கள். காபிக் கடைக்காரன் கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றினான், அதைத் தட்டிக்கேட்க நான் எழுந்தபோது பேச்சியம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். “ஒரு நேரத்துக்கு ஒரு போராட்டம் போதும்” என்று சொல்லிவிட்டு, புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து, பசியென்று முகம் காட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள்.

அந்தக் கூட்டத்தில்தான் ராஜரத்தினம் இருந்தார். எங்கள் ஊர் நூற்பு மில்லின் முதலாளி, வயதில் என்னைவிட இளையவர், வசதியில் என்னைவிட மூத்தவர். பல வருடங்களுக்கு முன்னால் அவர் மில் வாசலில் நாங்கள் உட்கார்ந்தபோது, “முதல்ல எந்திரிங்க, பிறகு பேசிக்கிடலாம்” என்று கைகூப்பிக் கேட்டவர். எழுந்தோம். பிறகு அவர் பேசவேயில்லை, அவருடைய வக்கீல்தான் பேசினார். பட்டுச் சட்டையோடு என் எதிரே வந்து நின்று, “என்ன தோழரே, வெளியில உங்க ஆளு உக்காந்திருக்காரு போல” என்றார்.

“ஆமா. உங்ககிட்ட வாங்கின அனுபவம் அதுக்கும் இருக்கும்” என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் நான் மறியல் என்று சொன்னதை அவர் மேலாளனிடம் போய்ச் சொல்லிவிட்டார். விமானக் கம்பெனியின் மேலாளன் நிரஞ்சன், கழுத்துப்பட்டை நனைந்து கயிறாகிப்போன பையன், என் முன்னால் வந்து குனிந்து, “சார், நீங்க யூனியன்ல இருந்தவராமே. அதுக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியும். அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களில் எனக்கும் பேச்சியம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். ஓடுபாதை கிடக்கிற இடம் ஆத்தியங்கண்மாய். மலையிலிருந்து கிளம்பும் கோடை மழை முதலில் வந்து சுமையை இறக்கிவைக்கிற இடம் அது, கிழக்கு மடையைத் திறந்தால் கீழ்க்காடு முழுக்கத் தண்ணீர் பாயும். கண்மாயை மூடாதே என்று நாங்கள் உட்கார்ந்தோம், தூக்கி வண்டியில் போட்டார்கள், மண்ணைக் கொட்டி நிரவி, கிழக்கு மடையின் வாயைச் சுற்றுச்சுவர் வைத்து அடைத்தார்கள். அன்றிலிருந்து கோடை மழை எங்களை மறந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மறக்கவில்லை. வருடா வருடம் வந்து, இறக்கிவைக்க இடம் தேடி, தண்ணீர் போக வழியில்லாத சிமெண்டுத் தரையைப் பார்த்துவிட்டு, சுமையோடு திரும்பிப் போயிருக்கிறது. இந்த வருடம் திரும்பிப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டது, அதுவும் நாங்கள் அன்று உட்கார்ந்த அதே இடத்தில்.

“சுவரை உடைச்சு மடையத் திறந்துவிடுங்க, அது எந்திரிச்சிடும்” என்றேன்.

“சுவரா? அதுக்கு டெல்லியில அனுமதி வாங்கணும் சார்.”

“அப்ப டெல்லியில அனுமதி வர்ற வரைக்கும் அது உக்காந்திருக்கும்.”

இரவு பெட்டிகளின் மேல் தலைவைத்துப் படுத்துக் கழிந்தது. விடிந்தபோது மேகம் இருந்த இடத்திலேயே இருந்தது, இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. நிரஞ்சனும் ராஜரத்தினமும் சேர்ந்து வந்தார்கள். “சார், நீங்க போய்ச் சொல்லுங்க. மடையைத் திறக்கிறதா நான் உறுதி சொல்றேன்னு சொல்லுங்க. எழுந்து ஓரமா நின்னாப் போதும், நாம பறந்துடலாம்.”

“திறப்பியா?”

பையன் ராஜரத்தினத்தைப் பார்த்தான். ராஜரத்தினம்தான் பதில் சொன்னார். “தோழரே, எந்திரிச்சதுக்கப்புறம் யாரு வந்து கேக்கப்போறா? மேகந்தானே, கலைஞ்சிடும். உங்க மக வீட்டு விசேஷமாமே. அதை யோசிங்க.”

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் பேச்சுக்கு எதிராக மேடையில் ஒருவரும் நின்றதில்லை, ஆனால் பேச்சியம்மாள் நின்றாள். “ஏங்க, உங்க கொள்கைய நான் என்னைக்காவது மறிச்சிருக்கனா? நீங்க ஜெயில்ல கெடந்தப்ப தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகள வளத்தேன், ஒரு வார்த்தை கேட்டனா? இன்னிக்குக் கேக்கேன். எம் மக அங்க நாலு பேரு நடுவுல ஒத்தையா நிக்கா. அவளுக்கு ஆளில்லன்னு இன்னொரு தடவை சொல்லவிடாதீக. போயி எழுப்புங்க.”

கதவுப் பக்கம் போனேன். கதவைத் திறந்துவிட்டார்கள். முந்தின நாள் வெயிலின் கொதிப்பு தரையிலிருந்து செருப்பைத் தாண்டி ஏற, இரண்டு துப்பாக்கிக்காரப் பையன்கள் பின்னால் வர, நான் ஓடுபாதையில் நடந்தேன். வாழ்நாளில் உட்கார்ந்திருக்கிற ஒருவனையும் எழுந்திரு என்று சொல்லாத வாய் என்னுடையது. எழுந்திரு என்று சொன்னவர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டிய வாய். அந்த வாயில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, கசந்து, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், மேகத்தின் முன்னால் போய் நின்றேன். அருகில் போனால் அதற்கு மண் நனைந்த வாசம், கண்மாய்க்கரை வாசம். சுமை தாங்காமல் அதன் அடிவயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. “தோழரே” என்று ஆரம்பித்தேன். அப்போது சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மகள்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“மேகத்துக்குப் பக்கத்துல நிக்கேன் தாயி.”

“எழுப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. இப்பத்தான் பேச்சை எடுத்தேன்.”

“எழுப்பாதீங்க.”

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. அவள் பின்னால் ஏகப்பட்ட சத்தம் கேட்டது, தட்டு வைக்கிற சத்தம், யாரோ இந்தியில் கத்துகிற சத்தம், அதற்கு மேல் கோமதி அம்மாளின் குரல்.

“அண்ணன் என்கிட்ட எல்லாம் சொல்லிட்டான்பா. பொய் சொல்லி எழுப்பச் சொல்றாங்களாமே. அப்படி வந்து விரிக்கிற மடியில என் பிள்ளை உக்கார வேண்டாம். நான் இங்க மணையில உக்காந்துட்டேன். பிள்ளை என் மடியில இருக்கா. அண்ணன் வர்ற வரைக்கும் நான் எந்திரிக்கப்போறதில்ல, ஒருத்தரும் இவ காதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“உம் மாமியார் என்ன சொல்லுதாக?”

“தூக்கச் சொன்னாங்க. கொழுந்தனும் சமையக்காரரும் சேந்து தூக்கிப் பாத்தாங்க.”

“தூக்கிட்டாங்களா?”

“உடம்பைத் தளர்த்திட்டேன்பா” என்று சொல்லிச் சிரித்தாள். “சின்னதுல உங்களைத் தூக்கிட்டுப் போறதை எத்தனை தடவை வாசல்ல நின்னு பாத்திருக்கேன்.”

போனைச் சட்டைப்பையில் போட்டேன். வாயில் கசந்துகொண்டிருந்த சொல்லை ஓடுபாதையில் துப்பினேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் இரண்டும் முனக, மேகத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அதன் நிழல் என்மேல் விழுந்தது, இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நிழல் அது.

துப்பாக்கிக்காரப் பையன்கள் செய்வதறியாமல் நின்றார்கள். கண்ணாடிக் கதவு மறுபடி திறந்தது. பேச்சியம்மாள் தாம்பாளங்களோடு வந்தாள், பின்னால் மருதன் மீதித் தாம்பாளங்களோடு வந்தான். “எம் மகளே உக்காந்துட்டாளாம், நான் எதுக்கு நிக்கணும்?” என்று சொல்லி, மேகத்துக்கு முன்னால் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அடுத்துச் செல்போன் ஆரத்தி காட்டிய அம்மாள் வந்தாள், கைக்குழந்தைக்காரிகள் நிழலைத் தேடி வந்தார்கள், பட்டாசுக் கடைக்காரர் மூட்டுவலி திரும்பாமலிருக்க வந்தார், பரீட்சைப் பிள்ளைகள் யானைதான், எருமைதான் என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். தடுக்க வந்த காவலர்கள் யாரைத் தூக்கினாலும் அவரவர் உடம்பைத் தளர்த்திவிட்டார்கள். ஒருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, முந்தின நாள் முழுக்க மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அதுவே போதுமாயிருந்தது.

கண்ணாடிக்கு உள்ளே நிரஞ்சனும் ராஜரத்தினமும் மட்டும் நின்றார்கள். பிறகு ராஜரத்தினம் மட்டும். ஏனென்றால் நிரஞ்சன் கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, தீயணைப்பு வண்டிக்காரர்களிடம், “டெல்லி என்னை வேலையை விட்டு எடுத்தா எடுக்கட்டும். கடப்பாரை இருக்கா?” என்று கேட்டான். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பாதிப் பேர் கீழ்க்காட்டுக்காரர்கள், முந்தின நாளிலிருந்து அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்கள்போல் வண்டியைக் கிழக்குச் சுவருக்கு ஓட்டினார்கள்.

சுவர் லேசில் அசையவில்லை. ஆள் போதவில்லை. விமானம் இல்லாமல் தனக்கும் விடிவில்லை என்று தெரிந்துகொண்ட ராஜரத்தினம் கடைசியில் பட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். என் வாழ்க்கையில் ஒரு முதலாளி கடப்பாரை பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். “பிடிய மாத்திப் பிடிங்க மொதலாளி, அது பேனா இல்ல” என்றார் தீயணைப்புக்காரர் ஒருவர். ராஜரத்தினம் என் பக்கம் திரும்பி, “சந்தோஷமா தோழரே?” என்று கேட்டார். “கொஞ்சம்” என்றேன்.

முதல் கல் பெயர்ந்து, மடையின் வாய் கறுப்பாகத் தெரிந்தது. மேகம் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, நெடுந்தூரம் சுமந்துவந்த மூட்டையைத் தோளிலிருந்து இறக்குகிறவனின் முனகலோடு ஒரே ஒரு தரம் இடித்து, எங்கள் மேலும் எங்கள் சீர்த்தட்டுகள் மேலும் ஆத்தியங்கண்மாய் மேலும் பெய்தது. வருடங்களாக இறக்கிவைக்காத மழை எல்லாம் சேர்ந்து பெய்தது. தண்ணீர் ஓடுபாதையில் நுரைத்து ஓடி, மடைக்குள் விழுந்து, கீழ்க்காட்டில் பாய்ந்தது, அந்தப் பக்கமிருந்து ஆட்கள் கூவுகிற சத்தம் மழைக்கு மேல் கேட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. அது எழுந்திருக்கும் முன்னால் நாங்கள் எழுந்தால் நன்றாயிருக்காது. பெய்யப் பெய்ய வெளுத்து, மெலிந்து, கடைசியில் ஒரு துண்டு போல ஆகி, அது எழுந்தது. பிறகுதான் நாங்கள் எழுந்தோம். நனைந்த ஓடுபாதையில் விமானம் ஏறியபோது மருதன் ஊக்கையும் முன் சீட்டையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

செம்பூரில் அந்த வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலையில் வந்த விருந்தாளிகளில் ஒருவரும் போகவில்லை, போனால் என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாமல் போய்விடும் என்று இருந்துவிட்டார்கள். ஆசாரி ஊசியோடு ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில் மணையில், வாடின மாலையோடு, மடியில் தூங்கும் பிள்ளையோடு, என் மகள் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு தட்டில் இட்லியும் வைத்திருந்தார்கள், தட்டு காலியாயிருந்தது. வைத்தது யாரென்று பிறகுதான் தெரிந்தது.

வாசலில் பேச்சியம்மாள் தாம்பாளத்தின் துணியை விலக்கினாள். பழங்களுக்கு நடுவில் ஆத்தியங்கண்மாய் மழை தேங்கி நின்றது, வழி நெடுக ஒரு சொட்டுச் சிந்தாமல் அப்படியே ஏந்தி வந்திருந்தாள். ஈரம் காயாத வேட்டிகளோடு மருதனும் நானும் பின்னால் நின்றோம். கோமதி அம்மாள் எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஆளில்லாத வீடு என்று சொன்ன வாயை அந்தச் சபையில் எல்லோரும் பார்த்தார்கள்.

மருதன் தங்கைக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினான். கோமதி அம்மாள் மருமகளிடம் திரும்பி, “சரி, உங்க அண்ணன் வந்தாச்சு. எந்திரி மணி” என்றார்.

என் மகள் எழுந்திருக்கவில்லை. மாமியாரை நிமிர்ந்து பார்த்து, கோபமில்லாமல், அவசரமில்லாமல், “முழுப் பேரையும் சொல்லுங்க அத்தை” என்றாள்.

கோமதி அம்மாள் மருமகளைப் பார்த்தார், தான் கொண்டுவந்து வைத்த இட்லித் தட்டு காலியாயிருந்ததைப் பார்த்தார், தாம்பாளத்தில் அசையாமல் நின்ற தண்ணீரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எந்திரி, புரட்சிமணி.”

அவள் எழுந்தாள்.